பால்குடத்தில் ஊசி மருந்து

திருத்தணி முருக பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு சங்கடமான கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அந்த மலையில் 365 படி ஏறி நீங்கள் சுமந்து போகிற பால்குடத்தில் இருப்பது வெறும் பால்தானா?

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அலுத்துவிட்டது, பால்காரருக்கும் அலுத்துவிட்டது. மாட்டுக்குப் போட்ட ஊசி மருந்து அதில் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டவர் ஒரு அம்மா. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஒரு கிராமம். நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் காபிக்குப் பால் வாங்க அவரோடு நானும் தூக்குச் சட்டியோடு நடந்தேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். அம்மா இரண்டு கலப்பின மாடு வைத்திருக்கிறார். அதில் ஒன்றை மூன்று காம்பில் மட்டும் கறந்துவிட்டு எழுந்தார்.

"நாலாவது காம்பு கன்னுக்குட்டிக்காம்மா?"

"இல்ல சார், அது செத்துப்போச்சு. போன வருஷம் பொதுகு வாப்பு வந்துது."

பொதுகு வாப்பு என்றால் தெலுங்கில் மடிவீக்கம். அந்தப் பக்கத்தில் மனிதர்கள் தமிழ் பேசினாலும் நோய்கள் பாதி தெலுங்கில்தான் பேசும். ம.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மனிதர்களுக்குத்தான். மாட்டுக்கும் கிருமிக்கும் பால் லாரிக்கும் அது தெரியாது.

"டாக்டரைக் கூப்பிடலியா?"

"டாக்டர் வர்றதுக்கு ரெண்டு நாள் ஆவும்னாங்க. பக்கத்து ஊர்ல ஊசி போடறவரு ஒருத்தர் இருக்காரு. மூணு நாள் வந்தாரு. மூணு நாளும் வேற வேற ஊசி. எண்ணூறு ரூபா ஆச்சு. காம்பு மட்டும் வரல."

"அந்த மூணு நாளும் பாலை என்ன பண்ணீங்க?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"கட்டி கட்டியா வந்த பாலைக் கீழ ஊத்திட்டேன் சார். மத்த மூணு காம்புப் பாலை கேன்ல ஊத்தினேன். வேற இன்னா பண்றது? எங்க பேத்திக்கு மட்டும் இன்னொரு மாட்டுப் பால் குடுத்தேன்."

பேத்திக்கு மட்டும் இன்னொரு மாட்டுப் பால்!

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டின் தொடையில் போட்ட ஊசி ரத்தத்தில் கலந்து நான்கு காம்பிலும்தான் வரும் என்பதைப் பாடப் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார். அந்தப் பாலை உறைக்கு ஊற்றினால் தயிர் சரியாக உறையாது என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறார். மருந்து, மடியில் இருக்கிற கெட்ட கிருமியையும் தயிருக்கு வேண்டிய நல்ல கிருமியையும் ஒரே மாதிரிதான் கொல்லும். தெரிந்தேதான் கேனில் ஊற்றினார். அந்தக் கேன் வேனில் ஏறி, டேங்கரில் கலந்து, பாக்கெட்டாகி ஏதோ ஒரு நகரத்தில் ஒரு வீட்டு வாசலில் விழுந்தது. அது உங்கள் வாசலாகவும் இருக்கலாம், என் வாசலாகவும் இருக்கலாம்.

உடனே "அடப்பாவி" என்று அந்த அம்மாவைத் திட்டக் கிளம்பாதீர்கள். முதலில் கணக்குப் பாருங்கள்.

நம் நாட்டு மருந்து விதிகளில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. கால்நடைக்கான மருந்தின் லேபிளில், கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று அச்சடித்திருக்க வேண்டும். அந்த மருந்துக்கு அப்படி ஒரு கணக்கு சோதித்து வைக்கப்படவில்லை என்றால், குறைந்தது 7 நாள். நல்ல விதிதான். 3 நாள் ஊசி, 7 நாள் காத்திருப்பு, ஆக மொத்தம் 10 நாள். மாடு தினம் 10 லிட்டர் கறந்தால் 100 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 3,500 ரூபாய். ஊசிக்குக் கொடுத்த 800 தனி. மாடு அந்தப் பத்து நாளும் தவிடும் புண்ணாக்கும் தின்னாமல் விரதம் இருக்குமா? அந்தச் செலவும் தனி.

3,500 ரூபாயைச் சாக்கடையில் ஊற்று என்று சட்டம் சொல்கிறது. யார் ஈடு கட்டுவது என்று சட்டம் சொல்லவில்லை. பால் வாங்குகிற கம்பெனி சொல்லவில்லை. காபி குடிக்கிற நாமும் சொல்லவில்லை. சுமையை மட்டும் இரண்டு மாட்டுக்காரி தலையில் ஏற்றிவிட்டு, யோக்கியமாக இரு என்று உபதேசம் செய்கிறோம்.

என் முதல் குற்றச்சாட்டு அந்த அம்மாவின் மீது அல்ல, நம் மீது.

சரி, இந்த மடிநோய் என்பதுதான் என்ன?

மாட்டின் காம்பு நுனியில் ஒரு சின்னத் துவாரம். கறந்து முடித்த பிறகு அது மூடிக்கொள்ள அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி உள்ளே போய்விடும். கறக்கிறவர் கை, காம்பு துடைக்கிற துணி, காம்பில் இருக்கிற வெடிப்பு எல்லாம் கிருமிக்குத் திறந்த கதவுகள். கட்டைவிரலை மடக்கி வைத்து இழுத்து இழுத்துக் கறப்பார்கள் பாருங்கள், அதனாலும் காம்பு உள்ளுக்குள் காயப்படும். உள்ளே போன கிருமி பெருகி மடி வீங்கும், சுடும், கல் மாதிரி இறுகும். பால் திரிதிரியாக வரும். சில சமயம் ரத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் அந்தக் காம்பு செத்துவிடும். அப்புறம் அது மூணு காம்பு மாடு. தரகர் வந்து பார்த்துவிட்டு, வாங்கின விலையில் பாதி கூடச் சொல்ல மாட்டார்.

இதைவிட மோசம், வெளியே தெரியாத மடிநோய். மடி வீங்காது, பாலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கறவை மட்டும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று குறையும். பால் லேசாக உப்புக் கரிக்கும். வீங்கின மடி ஒன்று கண்ணில் படுகிறது என்றால், வீங்காத நோயாளி மடிகள் அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

இதற்கு நாம் கண்டுபிடித்திருக்கிற ஒரே வைத்தியம் ஆன்டிபயாடிக். எந்தக் கிருமி என்று பார்ப்பது கிடையாது. பாலைச் சோதனைக்கு அனுப்புவது கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து கடையில் சாக்லேட் மாதிரி கிடைக்கிறது. படித்த கால்நடை மருத்துவர் வருவதற்குள் படிக்காத ஊசிக்காரர் பைக்கில் வந்துவிடுகிறார். இன்று ஒரு மருந்து, நாளைக்கு இன்னொன்று. மூன்றாம் நாள் வீக்கம் கொஞ்சம் வடிந்தால் ஊசியும் நின்றுவிடும். கிருமிக்கு இதைவிட நல்ல டியூஷன் வாத்தியார் கிடைக்க மாட்டார். எந்த மருந்திடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கிய உரையிலேயே, அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி பழகிப்போகும் என்று எச்சரித்தார். நாம் கைதட்டிவிட்டு மறந்துவிட்டோம். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் மாடு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஜலதோஷத்துக்கு ஐந்து மாத்திரை வாங்கி மூன்றோடு நிறுத்துகிற நீங்களும் நானும் அதில் கூட்டாளிகள். ஆனால் மாட்டுக் கொட்டகையும் அதில் ஒரு வகுப்பறை.

"சார், பயமுறுத்தாதீங்க. அரசாங்கம் சோதனை பண்ணாமலா இருக்கும்?" என்று கேட்பீர்கள். பண்ணியிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் தவிர வேறு கலப்படம் செய்து ஆபத்தானதாகப் பிடிபட்டவை 12 மாதிரிகள்தான். யூரியா, சோப்பு என்று கலப்படத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் அலறுகிற நாம், அதைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்த மருந்தைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை.

நூற்றுக்கு ஒன்றுதானே என்று நிம்மதி அடையவும் வேண்டாம். பாலில் அளவோடு இருப்பதால் கொட்டகையில் கிருமி பழகாமல் இருக்கப் போவதில்லை. பாலில் வராத மருந்து மூத்திரத்திலும் சாணியிலும் போகிறது, எருவாக வயலுக்குப் போகிறது. காய்ச்சினால் போய்விடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் ஊசி இல்லாமல் மடிநோயைச் சமாளிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். எப்போதும் முடியாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் வைத்தியம் நோய் வராமல் பார்ப்பது. கறந்ததும் மாட்டுக்குத் தீவனம் வையுங்கள். தின்றுகொண்டே அரை மணி, ஒரு மணி நேரம் நிற்கும், காம்புத் துவாரம் மூடிக்கொள்ளும். கறந்த பிறகு காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். கை கழுவுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. நோய் இல்லாத மாட்டை முதலில், நோய் வந்த மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். முழுக்கையால் அழுத்திக் கறக்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. வெளியே தெரியாத நோயைக் கண்டுபிடிக்கக்கூட வழி இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூள் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனியாக அதே அளவு கரைசலில் கலந்து சுற்றிப் பாருங்கள். கொழகொழவென்று கூழாக ஆனால் அந்தக் காம்பில் கோளாறு. சோதித்த பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கொட்டகைக்கு வர வேண்டும். ஊசி விற்க ஆள் வருகிறது, கை கழுவச் சொல்ல ஆள் வருவதில்லை. கை கழுவினால் யாருக்கும் கமிஷன் இல்லையே!

அதையும் மீறி நோய் வந்தால்? தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி, தஞ்சாவூரில் இருந்துகொண்டு பல வருடம் விவசாயிகளின் கை வைத்தியங்களைத் திரட்டி, அளவு நிர்ணயித்து, மரபுசார் மூலிகை மருத்துவமாகப் பரப்பினார். இன்று தேசியப் பால்வள வாரியமே பால் கூட்டுறவுகள் வழியாக அதைச் சொல்லிக்கொடுக்கிறது. செய்முறை இது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு 15 கிராம். முள்ளைச் சீவிவிட்டு மூன்றையும் சேர்த்து விழுதாக அரைக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று ஆரத்தி கரைத்த வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலை முழுசாகக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதை 150, 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 முறை. 5 நாள். கூடவே தினம் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு எலுமிச்சம்பழம் தின்னக் கொடுக்க வேண்டும்.

கற்றாழை வேலியோரம் கிடைக்கும். மஞ்சளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ரூபாய். இதில் ஆன்டிபயாடிக் எச்சம் என்ற பேச்சே இல்லை. திரிதிரியாக வருகிற பாலை மட்டும் கொட்டினால் போதும்.

இந்த இடத்தில் இரண்டு கோஷ்டி எழுந்து நிற்கும்.

முதல் கோஷ்டி, "மஞ்சள், சுண்ணாம்பா? பாட்டி வைத்தியம், மூடநம்பிக்கை" என்று சிரிக்கும். மூடநம்பிக்கை எது ஐயா? எந்தக் கிருமி என்றே தெரியாமல் மூன்று நாளைக்கு மூன்று ஊசி போடுவதா, அளவு சொல்லி, நாள் சொல்லி, எத்தனை முறை என்று சொல்லித் தடவச் சொல்வதா?

இரண்டாவது கோஷ்டி, "பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள்! இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்" என்று துள்ளிக் குதிக்கும். அவர்களிடம் இன்னும் கோபமாகவே சொல்கிறேன். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், காது ஜில்லிட்டு, எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் கற்றாழை தேடி வேலிக்குப் போகாதீர்கள். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விஷம் ரத்தத்தில் ஏறிய மாடு ஒரே நாளில் செத்துப்போகும். அங்கே ஊசிதான் தெய்வம். அந்த ஊசி அன்றைக்கு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற நாளில் அதை வீணாக்காதே என்கிறேன்.

இன்னொன்று. லேசான மடிநோய்களில் கணிசமானவை, பாலை அடிக்கடி முழுசாகக் கறந்துவிட்டாலே தானாகச் சரியாகிவிடும். ஆகவே விழுது தடவியது, குணமானது என்று சொன்னால் மட்டும் போதாது. தடவாத மாட்டோடும் ஊசி போட்ட மாட்டோடும் வரிசையாக வைத்து ஒப்பிட்டு, எந்தக் கிருமிக்குப் பலிக்கும், எதற்குப் பலிக்காது என்று அரசாங்கம் பெரிய அளவில் சோதித்துச் சொல்ல வேண்டும். நல்ல மருந்து சோதனைக்குப் பயப்படாது.

விழுதுக்கு ஒரு விலையும் உண்டு. பெருமையாகப் பேசுகிற ஆண்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை தடவப்போவது யார்? அந்த அம்மாதான். சமையல், தண்ணீர், பேத்தி, இன்னொரு மாடு, நூறு நாள் வேலை. நடுவில் பத்து முறை மடி கழுவி மருந்து பூச வேண்டும். ஊசி ஒரு நிமிஷம். அதனால்தான் ஊசி ஜெயிக்கிறது. பெண்ணின் உழைப்பை இலவசம் என்று கணக்கில் எழுதிவிட்டு, செலவில்லாத வைத்தியம் என்று மேடையில் கைதட்டு வாங்கக் கூடாது.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன நெதர்லாந்து 2009-ஐ அடிப்படையாக வைத்து, பத்து வருடத்தில் பண்ணை ஆன்டிபயாடிக்கைச் சுமார் 70 சதவீதம் குறைத்தது. பால் வற்றுகிற காலத்தில் எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஏற்றுகிற வழக்கத்தை நிறுத்தியது. எந்தப் பண்ணையில் எவ்வளவு மருந்து, எந்த டாக்டர் எழுதினார் என்று கணக்கு வைத்தது. அந்த நாட்டுப் பால் தொழில் படுத்துவிடவில்லை. 2022 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய யூனியன் முழுவதிலும், வழக்கத்துக்காக மருந்து கொடுப்பது தடை.

உலகத்திலேயே அதிகம் பால் கறக்கிற நாடு நாம். வருடத்துக்கு 23 கோடி டன்னுக்கு மேல். அந்தப் பெருமையை மட்டும் போஸ்டர் அடித்தால் போதாது. நான் கேட்பது நான்கே விஷயம்.

ஒன்று. பால் வாங்குகிற இடத்தில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் மட்டும் பார்த்து விலை போடாதீர்கள். மடி ஆரோக்கியத்தையும் ஆன்டிபயாடிக் எச்சத்தையும் பாருங்கள். சுத்தமான பாலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுங்கள்.

இரண்டு. ஊசி போட்டேன் என்று உண்மையைச் சொல்கிறவருக்கு அந்த நாட்களின் பாலுக்குப் பாதி விலையாவது கொடுத்து, அந்தப் பாலைக் கீழே ஊற்றுங்கள். உண்மைக்கு அபராதம், பொய்க்கு முழு விலை என்று இருக்கிற வரை கேனில் பொய்தான் வரும்.

மூன்று. சீட்டு இல்லாமல் கால்நடை ஆன்டிபயாடிக் விற்கிற கடை மீது கை வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால், கூப்பிட்டால் அன்றைக்கே வருகிற டாக்டரைக் கொடுங்கள்.

நான்கு. இது நமக்கு. பால் விலை இரண்டு ரூபாய் ஏறினால் கொதிக்கிற நாம், இருபது ரூபாய்க்கு விற்கிற தண்ணீர் பாட்டிலை முணுமுணுக்காமல் வாங்குகிறோம். பாலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க உரிமை வேண்டுமென்றால், அதற்கு உரிய விலை கொடுக்கவும் மனசு வேண்டும்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கற்றாழை விழுதைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "தெரியும் சார். டிவியில காட்டினாங்க. அதுக்கப்புறம் ஒருவாட்டி இதே மாட்டுக்கு லேசா வீக்கம் வந்துது. அரைச்சிப் போட்டேன், சரியாயிடுச்சி. அஞ்சு நாளும் வேற வேலைக்குப் போகல. அஞ்சு நாள் கூலி போச்சு. ஆனா பாலைக் கேன்ல ஊத்தறப்போ கை கூசல."

அவர் இழந்த அந்த ஐந்து நாள் கூலியை யாரும் தரவில்லை. அதில் காபி போட்டுக் குடித்த யாருக்கும் அது தெரியவும் தெரியாது. மலை மேலே முருகனுக்கு நாம் ஊற்றுவதும் அந்தப் பால்தான்.